நிற்கத் தெரியாத கைப்பிடி

எங்கள் ஊரில் கரண்ட் போகாது. தப்பித்தவறிப் போனாலும் அடுப்பில் பால் பொங்குவதற்குள் வந்துவிடும். பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து, அதை எரித்து ஊர் உலகத்துக்கெல்லாம் வெளிச்சம் அனுப்புகிற டவுன்ஷிப் இது. கல்யாணமாகி இங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து நான் மெழுகுவத்தியைத் தேடி அலமாரியைத் துழாவியதில்லை. அப்படிப்பட்ட ஊரில், கையால் சுற்றுகிற தையல் மிஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒற்றைக் கால் என்பது சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. வலது முட்டியில் அப்போதுதான் ஆபரேஷன் முடிந்திருந்தது.

மாடிப்படி ஏறக்கூடாது, சம்மணம் போடக்கூடாது என்று டாக்டர் சொன்னதற்கெல்லாம் சமர்த்தாகத் தலையாட்டினேன். “தையல் மிஷின் மிதிக்கிறது இனிமே அடியோட கிடையாதும்மா” என்றபோது மட்டும் தலை ஆடவில்லை. கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் எனக்கும் சேர்த்து ஆட்டினார். அவருக்கென்ன, மிதிப்பவர் அவரில்லையே.

என் மிஷின் பழைய மிஷின். எவ்வளவு பழசு என்று எனக்குத் தெரியாது. பண்ருட்டியில் ஒரு டெய்லர் ஊசியை விட்டுவிட்டு முந்திரி வியாபாரத்துக்குப் போனபோது அதை விற்றார், நான் வாங்கினேன். கறுப்பு உடம்பு, அதில் தங்க நிறத்தில் பூ. கம்பெனிப் பெயர் இருந்த இடம் துடைத்துத் துடைத்தே தேய்ந்துவிட்டது. காலால் மிதித்தால் தோல் வார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் ஊசியைக் குத்தவைக்கும். அதன் சத்தத்தை வைத்தே பாபினில் நூல் தீரப்போவதைச் சொல்லிவிடுவேன். எங்கள் பிளாக்கிலும் பக்கத்து பிளாக்குகளிலும் என் மிஷினில் தைத்த ரவிக்கை போடாத பெண்கள் குறைவு. சொந்தப் பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், உண்மை அதுதான்.

“இதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கியா?” என்றார் வீட்டுக்காரர். “ஊருக்கே கரண்ட் குடுக்கறோம், உன் மிஷினுக்குக் குடுக்க மாட்டமா?”

அவர் மைன்ஸில் ஃபோர்மேன். மண்ணையும் கரியையும் வெட்டித் தள்ளுகிற ராட்சச மிஷின்களைப் பழுது பார்க்கிற வேலை. அந்த மிஷினின் வாளிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று அவர் எடுத்துக்கொண்ட போட்டோ ஒன்று ஹாலில் மாட்டியிருக்கிறது. சக்கரத்தில் ஒரு வாளிக்குள் அவர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம். அப்படிப்பட்டவருக்குத் தையல் மிஷின் என்ன பெரிய மிஷினா? ஒரே சாயங்காலத்தில் மேஜைக்கு அடியில் மோட்டாரை மாட்டினார். அதன் ஸ்விட்ச்சை இடது காலால் அழுத்து என்றார், அழுத்தினேன். நான் “அம்மா” என்பதற்குள் மிஷின் அரை முழம் ஓடியிருந்தது, ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தில் நின்றிருந்தது. ஓடிவந்தவர் முதலில் மோட்டாரை அணைத்தார், பிறகு மோட்டாரைத் தொட்டுச் சூடு பார்த்தார், பிறகு என் விரலைப் பார்த்தார். பல வருஷத்து அனுபவம் அவருக்கு அந்த வரிசையைத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

அன்றைக்கே மோட்டாரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். சும்மா உட்கார்ந்திரு, இவ்வளவு நாள் தைத்தது போதும் என்றார்கள் எல்லோரும். உட்கார்ந்திருப்பேன்தான். ஆனால் அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட்.

எங்கள் ஊரில் ரிட்டயர்மெண்ட் என்பது கல்யாணத்துக்கு ஒரு படிதான் கீழே. கடைசி நாள் டிபார்ட்மெண்டில் கூட்டம் போடுவார்கள். அன்றைக்கு மட்டும் வீட்டுக்காரியையும் கூப்பிட்டு மேடையில் புருஷனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மாலை போட்டு, சால்வை போர்த்தி, இவருக்கு இத்தனை காலம் சாப்பாட்டு கேரியர் கட்டிக் கொடுத்த தியாகி இவர்தான் என்று பேசுவார்கள். அதற்குப் பிறகு மேளதாளத்தோடு வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். அந்த நாளுக்குப் பட்டுப்புடவை எடுப்பார்கள். அந்தப் புடவைக்கு ரவிக்கை தைக்க என்னிடம் வருவார்கள். மேடையில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவளின் முதுகை ஒரு ஜீவனும் பார்க்க முடியாது. ஆனாலும் ஒவ்வொருத்தியும் முதுகுக் கழுத்தில்தான் டிசைன் கேட்பாள். நானும் தைத்துக் கொடுப்பேன். எத்தனை பேரை அப்படி மேடையேற்றினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் முறை. எனக்கும் அரக்குக் கலரில் பட்டு எடுத்தாகிவிட்டது. அதில் ஒட்டியிருந்த ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்து மடித்து பீரோவில் வைத்திருந்தேன்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் முந்தின வருஷம் ரிட்டயரானவர், அவள் மேடையில் போட்டிருந்ததும் நான் தைத்ததுதான். “மெயின் பஜார்ல பொட்டிக்னு தையக்கடை ஒண்ணு வந்துக்கீது அக்கா. கம்ப்யூட்டர்ல கழுத்துப் பூவெல்லாம் போட்டுக் குடுக்கறானாம். குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்.”

“ஊர்ல இருக்கற எல்லார் ரிட்டயர்மெண்டுக்கும் நான் தச்சிட்டு, என் வூட்டு ரிட்டயர்மெண்டுக்கு எவனோ தைக்கணுமா?” என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவளுக்கு முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முட்டி வலியில் அழுவதாக வீட்டுக்காரர் நினைத்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார். என் வீட்டு மேடைக்கு என் கையால் தைத்ததைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும், இல்லையென்றால் மேடையே வேண்டாம். அவ்வளவுதான் விஷயம். வெளியே சொன்னால் சின்ன விஷயமாகத் தெரியும் என்பதால் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

கைமிஷின் யோசனை எனக்கு அடுத்த நாள் காலையில் வந்தது. காலும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், வலது கையால் சுற்றி இடது கையால் துணியைத் தள்ளிக்கொண்டு போகலாம். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி மாட்டினால் போதும். பண்ருட்டி பஸ் ஏறி, தையல் மிஷின் ரிப்பேர் கடைக்குப் போனேன். என் மிஷினை அந்தக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

“கைப்பிடி இருக்குதும்மா. ஆனா உங்குளுது அந்தக் காலத்துத் தலை. கைப்பிடி மாட்டறதுக்கு ஒடம்புல ஒரு மேடும் ஓட்டையும் இருக்கணும். அது உங்குளுதுல இல்ல. டிரில் போட்டுப் பாக்கலாம், வார்ப்பு இரும்பு, வெடிச்சிதுன்னா என்னைக் கேக்கக் கூடாது” என்றார்.

இருந்தாலும் வாங்கினேன். கையகல இரும்புப் பெட்டி. உள்ளே பெரிசும் சிறிசுமாக இரண்டு பல்சக்கரம். சுற்றுவதற்கு மரக் குமிழ் வைத்த கைப்பிடி. மிஷின் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே நுழைந்து அதைத் தள்ளிக்கொண்டு போக ஒரு நாக்கு. பையில் போட்டால் பலாப்பழச் சுளைகளை விட லேசாக இருந்தது. பண்ருட்டி போய்விட்டுச் சுளை வாங்காமல் வர முடியாது, அதனால் தெரியும்.

வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பல்சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“இதெல்லாம் ஒரு கியரா? இவ்வளவு ஆட்டம் ஆடுது. உடு, நாங்க பண்றோம்.”

நாங்கள் என்றால் அவரும் அவருடைய சிநேகிதரும். சிநேகிதர் திருநெல்வேலிக்காரர். மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருந்து ரிட்டயராகி, சொந்த ஊருக்குத் திரும்பப் பிடிக்காமல் வடலூரில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். என்னை மதினி என்பார். மறுநாளே டேப்போடு வந்துவிட்டார். மிஷினை இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். உயரம், அகலம், சக்கரத்தின் குறுக்களவு எல்லாவற்றையும் காலண்டருக்குப் பின்பக்கம் வரைந்தார்கள். ரவிக்கை தைப்பதற்கு என்னை அளவெடுத்ததை விட அதிக அளவுகள்.

“ஓட்டை மட்டும் போடக் கூடாது” என்றேன்.

“ஓட்டை எதுக்கு மதினி? மிஷின் தூணுக்கு இரும்புக் காலர் போட்டுத் தூக்கிருவோம். கவலைய விடுங்க.”

அதன் பிறகு அந்த மாதம் முழுக்க அவர்களுக்கு அதுதான் வேலை. வீட்டுக்காரர் ஜெனரல் ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் காபிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வடலூருக்குப் போவார். இருட்டியபின் எண்ணெய்க் கையோடு வருவார். சாப்பிடும்போது தட்டில் விரலால் பல்சக்கரம் வரைவார். ரிட்டயராகப் போகிறவர்கள் கடைசி மாதம் முழுக்க வாசலில் சேர் போட்டு உட்கார்ந்து ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் பார்க்கவில்லை. அதனால் தாமதமாகிறதே என்று எனக்குப் பயம் இருந்தாலும் அவசரப்படுத்தவில்லை.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சாமான் வந்தது. வந்தது என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது. வண்டியின் பின்சீட்டில் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, டர்னர் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். இறக்குவதற்கு இரண்டு பேரும் மூச்சுப் பிடித்தார்கள்.

காலர் நன்றாக இருந்தது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பாதியாகச் செய்து, மிஷின் தூணைச் சுற்றி வைத்து, போல்ட் போட்டு இறுக்கினார்கள். தங்கப் பூ கீறாமல் இருக்க உள்பக்கம் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. அதைச் சொன்னது யார் என்று கேட்டேன், வீட்டுக்காரர் ஸ்பேனரைத் தேடினார். காலர் மேல் கைப்பிடியும் பல்சக்கரங்களும். எல்லாம் பளபளவென்று உருக்கு இரும்பு. அதோடு, தோசைக்கல் அகலத்துக்கு ஒரு கனமான இரும்புத் தட்டு.

“இது என்னாத்துக்கு?”

“ஃப்ளைவீல்” என்றார் வீட்டுக்காரர். “கையால சுத்தறப்ப வேகம் ஏறும் எறங்கும். இது இருந்தா ஒரே சீராப் போவும். ஒருவாட்டி வேகம் புடிச்சிட்டா அதுவே இழுத்துக்கினு ஓடும். நீ சும்மா தொட்டுக்கினு இருந்தாப் போதும்.”

தேங்காய் உடைக்காத குறையாக என்னை உட்காரவைத்தார்கள். பழைய லுங்கித் துண்டை ஊசிக்கடியில் வைத்து, குமிழைப் பிடித்துச் சுற்றினேன். முதலில் நகரவில்லை. தோளிலிருந்து பலம் கொடுத்துத் தள்ளினேன், நகர்ந்தது. பிறகு ஓடியது. உண்மையைச் சொன்னால் வெண்ணெய் போல ஓடியது. தையல் ஒரே சீராக, பல் வரிசை போல விழுந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துணியின் மூலை வந்தது. கையை நிறுத்தினேன். கைதான் நின்றது. இல்லை, அதுவும் நிற்கவில்லை, குமிழ் என் கையை இழுத்துக்கொண்டு போயிற்று. மிஷின் மூலையைத் தாண்டி, துணியைத் தாண்டி, வெறும் தகட்டில் டக்டக்கென்று இன்னும் ஆறேழு முறை குத்திவிட்டு, தனக்கு இஷ்டப்பட்டபோது நின்றது.

“நிக்கலையே” என்றேன்.

“நிக்கக் கூடாதுன்னுதானே பண்ணோம்!” என்றார் வீட்டுக்காரர் சந்தோஷமாக.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மைன்ஸில் நிற்பது என்பது கெட்ட வார்த்தை. மிஷின் நின்றால் பெல்ட் நிற்கும், பெல்ட் நின்றால் கரி நிற்கும், கரி நின்றால் ஊரெல்லாம் இருட்டு. மிஷின் நின்றுவிட்டது என்று ஆள் வந்து சொன்னால் பொங்கல் அன்று பொங்கப் பொங்கப் பானையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஓடாதீர்கள், ஒரு நாள் நில்லுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், ஒரு முறையும் நின்றதில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் வாழ்நாள் முழுக்க ஓடவைப்பதுதான் வேலை. அந்தக் கைகளால் ஒரு கைப்பிடி செய்தால் அது வேறு எப்படி இருக்கும்?

ஆனால் ரவிக்கை தைப்பது என்பது நிறுத்துவதுதான். மார்புக்கு டாட் மடிப்புப் பிடிக்கும்போது முனையில் நிறுத்த வேண்டும். அக்குள் வளைவில் இரண்டு தையலுக்கு ஒருமுறை நின்று திருப்ப வேண்டும். நான் எனக்கு வெட்டியிருந்தது சதுரக் கழுத்து. மூலையில் ஊசி சரியாக நிற்க வேண்டும், துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும், மறுபடி கிளம்ப வேண்டும். ஒரு தையல் தாண்டினாலும் கழுத்து கோணல். பட்டில் ஊசி ஓட்டை விழுந்தால் பிரித்தாலும் மறையாது. துணியோ அந்த ஒரே துண்டு. இதையெல்லாம் சொன்னேன். இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

“புரிஞ்சிட்டு மதினி” என்றார் டர்னர். “பிரேக் வைக்கணும்.”

இரண்டு நாளில் பிரேக் வந்தது. இரும்புத் தட்டைச் சுற்றி ஒரு பட்டை, அதை இறுக்க ஒரு நெம்புகோல். நெம்புகோலை இடது கையால் அழுத்தினால் தட்டு நிற்கும். நிஜமாகவே நின்றது. மறுபடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரு கை சுத்தறதுக்கு, ஒரு கை பிரேக்குக்கு” என்றேன். “துணியப் பல்லால கடிச்சிக்கினு தைக்கட்டா?”

டர்னர் மெதுவாக, “கால் பிரேக் வச்சா...” என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் என் முட்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிநேகிதரின் தோளில் கைவைத்து வெளியே அழைத்துப் போய்விட்டார். வாசலில் நின்று இரண்டு பேரும் கால் பிரேக்கை இடது காலுக்கு வைக்க முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

மேடைக்கு நான்கு நாள்தான் இருந்தது. பட்டுத் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமல் மெயின் பஜாருக்குப் போய்விடலாமா என்று அன்றைக்கு நினைத்தேன், நினைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கோபம் அவர்கள் மேல்கூட இல்லை. இவ்வளவு அருமையாக வேலை தெரிந்தவர்கள், நான் கேட்டதை மட்டும் காதில் வாங்கவில்லையே என்றுதான் இருந்தது.

மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போனதும் ஸ்பேனரை எடுத்தேன். இத்தனை வருஷம் ஃபோர்மேன் வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று தெரியாதா? பிரேக்கைக் கழற்றினேன். அந்தத் தோசைக்கல் தட்டைக் கழற்றி உருட்டிக் கட்டிலுக்கு அடியில் விட்டேன். உருக்குக் கைப்பிடியையும் கழற்றினேன். காலரை மட்டும் தொடவில்லை. அலமாரியில் கிடந்த பண்ருட்டிக் கைப்பிடியை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தேன். போல்ட் நுழைந்தது. ஆனால் நாக்கு ஆரக்காலைத் தாண்டி உள்ளே போய் மிஷின் உடம்பில் உரசியது. கைப்பிடி அரை விரல் தள்ளி நிற்க வேண்டும். நூல் தீர்ந்துபோன பிளாஸ்டிக் நூற்கட்டை ஒன்றை அரிவாள்மனையில் வட்டமாக அறுத்து இடையில் கொடுத்தேன். சரியாக நின்றது. சுற்றிப் பார்த்தால் நாக்கு ஆரக்காலில் மோதி லொடலொடவென்று சத்தம். மிதிக்கும் காலத்தில் ஓடிய தோல் வார் மேஜைக்கு அடியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இனி அதற்கும் வேலையில்லை. ஒரு துண்டு வெட்டி, பிளந்து, நாக்குக்குச் சட்டை போட்டதுபோல் வைத்து நூலால் கட்டினேன். சத்தம் நின்றுவிட்டது.

லுங்கித் துண்டை வைத்துச் சுற்றினேன். சீராக ஓடவில்லை, அவர் சொன்னது சரிதான், வேகம் ஏறியது, இறங்கியது. மூலை வந்தது. கையை நிறுத்தினேன், ஊசி நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. யாருமில்லாத வீட்டில் சத்தமாகச் சிரித்தேன்.

ஒரு கையால் துணியைக் கொண்டுபோகப் பழக ஒரு நாள் ஆயிற்று. லுங்கி முழுக்கக் கோணல் கோணலாகத் தைத்தேன். மறுநாள் பட்டைத் தொட்டேன். டாட்டும் கழுத்தும் இடது கையால் வந்துவிட்டன. ரவிக்கைக் கையை உடம்போடு சேர்த்துத் தைக்கும்போது மட்டும் வளைவுக்கு என் இரண்டு கையும் கேட்டது. ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு அங்குலம் சுற்று, விடு, திருப்பு, மறுபடி சுற்று என்று நகர்ந்தேன். மேடைக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசி ஊக்கைத் தைத்து முடித்தேன்.

கால் பிரேக் யோசனையில் அதுவரை வடலூரே கதியென்றிருந்த வீட்டுக்காரர் அன்று சாயங்காலம்தான் வந்து மிஷினைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்தார். பண்ருட்டிக் கைப்பிடியைத் தொட்டார். பிளாஸ்டிக் வட்டத்தை விரல் நகத்தால் சுரண்டினார்.

“இதுல போயி பிளாஸ்டிக்கா?” என்றார். அவ்வளவுதான். கட்டிலுக்கு அடியில் தோசைக்கல் இருப்பதை நிச்சயம் பார்த்திருப்பார், அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் ரவிக்கையை விரித்துக் காட்டினேன். கழுத்து மூலையை விரலால் தடவிப் பார்த்தார். “சதுரம் கரெக்டா கீது” என்றார். குரலில் உற்சாகம் இல்லை. அந்த ஒரு மாத ஓட்டமும் இத்தோடு முடிந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஜெயித்தவளுக்கு இப்படி ஒரு சங்கடம் வரும் என்று முன்னமே தெரிந்திருந்தால், அவர் வருவதற்குள் ரவிக்கையை மடித்தாவது வைத்திருப்பேன்.

மேடை நன்றாக நடந்தது. மாலை, சால்வை, எல்லாம். பேசியவர்கள் ஒவ்வொருவரும், இவர் கைபட்ட மிஷின் நின்றதே இல்லை என்றார்கள். ஒருவர் அதை மூன்று முறை சொன்னார். நான் மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரி முன்வரிசையிலிருந்து என் கழுத்தைக் காட்டித் தன் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. சால்வை போர்த்தியபோது ரவிக்கை முழுக்க மறைந்துவிட்டது. எத்தனையோ பேருக்குத் தைத்தும் இது எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். மூச்சு முட்டுவதுபோல் பாவனை செய்து சால்வையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். குளித்தார். பேண்ட் சட்டை போட்டார். பெல்ட்டும் போட்ட பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு வாசலுக்குப் போனார். ஷிப்ட் பஸ் வழக்கமான நேரத்துக்கு வந்தது. டிரைவர் பழக்கத்தில் எங்கள் வாசலுக்கு நேரே வேகத்தைக் குறைத்தார். இவர் கையைத் தூக்கி, போ போ என்று காட்டினார். பஸ் போய்விட்டது. அது திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரியிடம் அன்று குரல் உயர்த்தியதற்குப் பரிகாரமாக அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். வெட்டிவைத்த துணி ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தோசைக்கல்லை வைத்திருந்தேன். அந்த வேலைக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது.

அவர் உள்ளே வந்தார். தோசைக்கல்லைப் பார்த்தார். சுவரோரம் நின்றார், பேப்பரை எடுத்தார், வைத்தார்.

“ஏங்க” என்றேன். “கழுத்து மூலைக்கு ரெண்டு கையும் வேண்டியிருக்குது. கொஞ்சம் வந்து சுத்திக் குடுக்கறீங்களா?”

நின்ற இடத்திலிருந்து மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கைமிஷின் என்பது ஒரு கையால் சுற்றி மறு கையால் தைப்பதற்குத்தான். என் பட்டு ரவிக்கையின் கழுத்து மூலையை நான் ஒரு கையால்தான் தைத்தேன். அது எனக்குத் தெரியும். அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்த, ஒரு மாதம் கைப்பிடி வேலையோடு புரண்ட அவருக்கும் தெரியாமல் இருக்காது. அவர் கேட்கவில்லை. யார் தயவும் இல்லாமல் தைக்க வேண்டும் என்று அத்தனை ஆர்ப்பாட்டம் பண்ணியவள் நான், நானும் சொல்லவில்லை.

“மெதுவா” என்றேன்.

மெதுவாகச் சுற்றினார். துணி என் இரண்டு கைக்கும் நடுவே நகர்ந்தது. மூலை வந்தது.

“நிறுத்துங்க.”

நிறுத்தினார். ஒரு தையல்கூடத் தாண்டவில்லை. பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி வைத்து, பாதத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். கைப்பிடியிலிருந்து கையை எடுக்காமல், நான் அடுத்து என்ன சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.